ரோஸ் கலர் சீட்டில் ஒரு மறைவான விண்ணப்பம்

எங்கள் சபை வாசலில், செருப்பு விடும் இடத்துக்கு மேலே ஒரு மரப்பெட்டி மாட்டியிருக்கும். ஜெபிக்க வேண்டிய காரியத்தைச் சீட்டில் எழுதி அதில் போடலாம். வெள்ளிக்கிழமை உபவாசக் கூட்டத்தில் பெட்டியைத் திறந்து ஒவ்வொரு சீட்டாக வாசித்து எல்லோரும் ஜெபிப்பார்கள். மகனுக்கு வேலை, மகளுக்கு வரன், மாமியாருக்குச் சர்க்கரை என்று பட்டவர்த்தனமாக எழுதுகிறவர்கள்தான் அதிகம். வெளியே சொல்ல முடியாத சங்கதி என்றால் ‘மறைவான விண்ணப்பம்’ என்று மட்டும் எழுதினால் போதும். பெயர் வேண்டாம், விவரம் வேண்டாம். அது ஆண்டவருக்கும் எழுதினவருக்கும் நடுவில் உள்ளது என்று சபை விட்டுவிடும். விட்டுவிடும் என்றுதான் நானும் நம்பினேன்.

எண்ணூர்ப் பக்கம் ஒரு கண்டெய்னர் யார்டில் நான் கிரேன் ஓட்டுகிறேன். நாலு கால் ஊன்றி நிற்கும் பெரிய இரும்புக் கூடாரம் போல இருக்கும் அந்தக் கிரேன். கால்களுக்கு நடுவே கண்டெய்னர்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருப்போம், பக்கத்திலேயே லாரி வந்து நிற்கும். உச்சியில் ஒரு கண்ணாடி அறை. அதற்குத் தரையும் கண்ணாடிதான். நாள் முழுக்கக் குனிந்து, இரண்டு பாதங்களுக்கு நடுவே கீழே பார்த்துத்தான் பெட்டிகளைத் தூக்கி லாரியில் வைக்க வேண்டும். மேலே போக ஒரே வழி, காலோடு ஒட்டிய இரும்பு ஏணி. அறுபத்து நாலு படி.

இந்த வேலையில் எனக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல. தெற்கேயிருந்து வந்து வண்ணாரப்பேட்டையில் மளிகைக்கடை போட்டவர் என் அப்பா. கல்லாவில் உட்கார் என்றார். நான் உட்கார்ந்தால் உச்சியில்தான் உட்காருவேன் என்று வீராப்பாகச் சொல்லிவிட்டு வந்தவன் நான். (அப்படியும் யார்டில் எனக்கு வைத்த பெயர் ‘அண்ணாச்சி’. தெற்கத்திக்காரன் எத்தனை அடி உயரத்தில் உட்கார்ந்தாலும் வடசென்னைக்கு அவன் கடைக்காரன்தான்.) போதாக்குறைக்கு, முந்தின வருடம் சபையில் எழுந்து நின்று சாட்சி வேறு சொல்லியிருந்தேன். அவ்வளவு உயரத்தில் இருந்தும் எனக்குப் பயம் என்பதே கிடையாது, அதற்குக் காரணம் என் விசுவாசம் என்று. எல்லோரும் அல்லேலூயா சொன்னார்கள். எனக்கே புல்லரித்தது.

மழைக்காலத்தில் ஒரு காலை, நாற்பதாவது படியிலோ என்னவோ, கால் வழுக்கியது. இரண்டு காலும் காற்றில். ஒரு கையில் தொங்கினேன். இடுப்புப் பெல்ட்டின் கொக்கி பிடித்துக்கொண்டது. மூன்று விநாடிகூட இருக்காது. மறுபடி கால் ஊன்றி, மேலே ஏறி, அன்றைய வேலையை முழுசாகச் செய்துவிட்டு இறங்கினேன். ஒரு கீறல் இல்லை. யாரிடமும் சொல்லவுமில்லை.

மறுநாள் இருபதாவது படியில் என் கால்கள் நின்றுவிட்டன. நான் ஏறு என்கிறேன், அவை மாட்டேன் என்கின்றன. தொடை இரண்டும் தந்தி அடித்தன. மழையிலும் வியர்த்தது. இறங்கி வந்து, முட்டி வலி என்றேன்.

அதுதான் முதல் பொய். ஆபீஸில் என்னை யார்டு வாசல் கேட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். உள்ளே வரும் லாரிகளின் கண்டெய்னர் நம்பரைச் சரிபார்த்து ரோஸ் கலர் சீட்டில் எழுதி, கையெழுத்துப் போட்டுக் கிழித்துக் கொடுக்கிற வேலை. வீட்டில் மனைவியிடம், கேட்டில் ஆள் பற்றாக்குறை என்றேன். இது இரண்டாவது. ஆண்டவரிடம் மட்டும்தான் உண்மையைச் சொன்னேன். அதிலும் ஒரு நிபந்தனை போட்டேன். சரிபண்ணிக் கொடுங்கள், ஆனால் யாருக்கும் தெரியாமல் சரிபண்ணிக் கொடுங்கள். சாட்சி சொன்னவன் அல்லவா, மானம் போய்விடும் என்று அவருக்கே எடுத்துச் சொன்னேன்.

மூன்று வாரம் போயிற்று. ஒன்றும் சரியாகவில்லை. சூப்பர்வைசர் கூப்பிட்டார்.

“மாசக் கடைசிதாம்பா கெடு. அதுக்குள்ள நீ மேல ஏறலைன்னா உன் கிரேனுக்கு வேற ஆளு போட்டுடுவாங்க. அப்புறம் கேட்டுதான் உனக்கு, ரிட்டயராகிற வரைக்கும்.”

இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. அன்று மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில், கேட்டில் உட்கார்ந்தபடியே கையில் கிடைத்த சீட்டின் பின்பக்கத்தில் ‘ஒரு சகோதரரின் மறைவான விண்ணப்பம். மிகவும் அவசரம்’ என்று எழுதி மடித்தேன். சாயங்காலம் வீட்டுக்குப் போகிற வழியில் பெட்டியில் போட்டேன். மனது லேசாகிவிட்டது. ரோஸ் கலர் சீட்டு அது. முன்பக்கத்தில் கண்டெய்னர் நம்பர், லாரி நம்பர், அதற்குக் கீழே கொட்டை எழுத்தில் என் கையெழுத்து. சபையில் இருப்பவர்களில் அந்த யார்டில் வேலை செய்கிறவன் நான் ஒருவன்தான்.

வெள்ளிக்கிழமை அதை வாசித்தவர் ரிட்டயரான தலைமையாசிரியை. சபையில் பாதிப் பேர் அவரிடம் அடி வாங்கிப் படித்தவர்கள். சீட்டைப் பின்பக்கம் வாசித்தாராம், முன்பக்கம் திருப்பிப் பார்த்தாராம், மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டாராம். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்கும் கண் இருக்கிறதே. அவர்களும் சொல்லவில்லை. யாருமே சொல்லாமல், அது என் சீட்டு என்று சனிக்கிழமை காலைக்குள் எங்கள் திருவொற்றியூர் முழுக்கத் தெரிந்துவிட்டது.

முதலில் வந்தவர் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் சபை மூப்பர். சும்மா இந்தப் பக்கம் வந்தேன் என்றார். உட்காருவதற்கு முன்பே என்னைக் கட்டிப்பிடித்தார். கட்டிப்பிடித்தவர் விடவில்லை. என் வாய்க்கு நேரே மூக்கைக் கொண்டுவந்து இரண்டு தடவை மூச்சை இழுத்தார். நான் வேறு அப்போதுதான் பல்வலிக்குக் கிராம்பு மென்றிருந்தேன். அவர் கண் கலங்கிவிட்டது.

“கிராம்பு போட்டா மட்டும் வாசனை போயிடுமா தம்பி? நானும் ஒரு காலத்துல அதெல்லாம் போட்டுப் பாத்தவன்தான்” என்று சட்டைப்பையிலிருந்து குடியை நிறுத்தும் டாக்டர் ஒருவரின் முகவரியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து அழுத்தினார். அவர் குடித்த கதையை நான் அன்றுதான் முதன்முதலில் கேட்டேன். முக்கால் மணிநேரம் கேட்டேன்.

அடுத்து ஒரு அக்கா, ஒரு சொம்பு நிறையக் கருகருவென்று கஷாயம் கொண்டுவந்தார். எந்த வியாதி என்று அவர் கேட்கவில்லை, எல்லாவற்றுக்கும் கேட்கும் என்றார். மரியாதைக்கு ஒரு வாய் குடித்தேன். அன்று மத்தியானம் முழுக்க எனக்கு வேறு எந்தக் கவலையும் இல்லை, கக்கூஸ் கவலை மட்டும்தான்.

தலைமையாசிரியை என்னைப் பார்க்கவே இல்லை. நேராகச் சமையலறைக்குப் போய் என் மனைவியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, எது நடந்தாலும் உனக்கு நான் இருக்கிறேன் என்றார். நடுவயதில் ஆண்களுக்கு இப்படி ஒரு புத்தி வரும், வந்த மாதிரியே போய்விடும், பிள்ளைகளை நினைத்துப் பொறுமையாக இரு என்றும் சொன்னார். அவர் போனதும் என் மனைவி கையில் கரண்டியோடு கூடத்துக்கு வந்தாள். அவள் ராயபுரத்தில் பிறந்து வளர்ந்தவள். கோபம் வந்தால் ராயபுரம் முழுவதும் கூடவே வந்துவிடும்.

“யாருங்க அவ?”

“யாரு?”

“அதத்தான் நா கேக்குறேன். கேட்டு டூட்டின்னு சொல்லிகினு மூணு வாரமா எங்க போய்கினு கீறீங்க? ஊரே ஜெபம் பண்ணிகினு கீது, எனக்கு மட்டும் இன்னான்னு தெரியல.”

 ஒரே வார்த்தையில் சொன்னேன்.

“ஏணி.”

“ஏணியா?”

“ஏணிதான். ஏற முடியல. பயமா இருக்கு.”

கரண்டி கீழே இறங்கியது. வழுக்கியது, தொங்கியது, முட்டி வலி, கெடு என்று எல்லாவற்றையும் கொட்டினேன்.  அவள் சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துச் சிரித்து நிற்க முடியாமல் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு “ஏணியாம், ஏணி” என்று மறுபடி சிரித்தாள். எனக்கும் தொற்றிக்கொண்டது. இருவரும் தரையில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தோம். மூன்று வாரத்துக்குப் பிறகு நான் சிரித்தது அன்றைக்குத்தான். நடுவில் எப்போது அவள் சிரிப்பு அழுகையானது என்று கவனிக்கவில்லை.

“தொங்குனீங்களா? ஒத்தக் கையில? எங்கிட்டகூடவா சொல்லல?” என்றாள்.

“ஆண்டவர்கிட்ட சொன்னேன்.”

“அவரு என்னய இன்னாத்துக்குக் குடுத்தாரு உங்களுக்கு? கூரையப் பிரிச்சு ஒரு சீக்காளிய ஏசுகிட்ட இறக்குனாங்களே, நாலு பேரு, வேதத்துல. அந்த ஆளு படுக்கையில படுத்துகினு, ‘எனக்கு யாரும் வேணாம், நானே வந்துக்கிறேன்’னு சொன்னானா? வாய மூடிகினு படுத்துகினு வந்தானா இல்லையா?”

சின்ன வயதிலிருந்து எத்தனையோ முறை கேட்ட கதை அது. ஆனால் அன்று இரவு சாப்பிடும்போது எனக்குள் இருந்த கிரேன்காரன் அதை முதன்முதலாகப் பார்த்தான். நாலு மூலையில் நாலு கயிறு. நாலையும் ஒரே சீராக விட வேண்டும். ஒருத்தன் கொஞ்சம் கூடுதலாக விட்டாலும் படுக்கை சரிந்து ஆள் தலைகீழாக விழுவான். நாங்கள் கண்டெய்னர் தூக்குவதும் நாலு மூலைப் பிடிப்பில்தான், ஒன்று சரியாகப் பூட்டாவிட்டாலும் தூக்கக்கூடாது. அந்த வியாதிக்காரன் அந்தரத்தில் வரும்போது எப்படிப் பயந்திருப்பான்! இயேசு பார்த்தது அந்த நாலு பேரின் விசுவாசத்தை என்றுதான் எழுதியிருக்கிறது. இவன் விசுவாசத்தைப் பற்றித் தனியாக ஒன்றும் எழுதவில்லை. எனக்கு இது பெரிய ஆறுதலாக இருந்தது. விசுவாசம் என்றால் பயப்படாமல் இருப்பது என்று ஊருக்கெல்லாம் சொன்னவன் நான். பயந்துகொண்டே படுக்கையில் படுத்திருப்பதும் கணக்கில் சேரும் போலிருக்கிறது.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நானே எழுந்து சொல்லிவிட்டேன். மறைவான விண்ணப்பம் என்னுடையது, குடி இல்லை, பெண் இல்லை, வியாதி இல்லை, ஏணி ஏறப் பயம்.  பின் பெஞ்சிலிருந்து யாரோ ‘ஸ்தோத்திரம்’ என்று சொல்லவும் மொத்த சபையும் சிரித்துவிட்டது. போதகர் சிரிப்பை அடக்க முடியாமல் ஆசீர்வாதத்தை இரண்டு தடவை ஆரம்பித்தார். தலைமையாசிரியைக்கு மட்டும் என்மேல் கொஞ்சம் ஏமாற்றம் என்று நினைக்கிறேன்.

கிறிஸ்துமஸ் நட்சத்திரத்தைச் சபைக் கோபுரத்தில் கட்டுவது வருடாவருடம் என் வேலை. அந்த வருடம் எதையோ சொல்லித் தட்டிக் கழித்திருந்தேன். நட்சத்திரம் தரையில் சாய்ந்து கிடந்தது. “இன்றைக்கே கட்டிவிடுவோமே” என்றார் போதகர். ஏணியைக் கொண்டுவந்து சாத்தினார்கள். அடியில் ஒரு பக்கம் மூப்பர், ஒரு பக்கம் போதகர், நடுவே என் மனைவி. நாலாவதாகத் தலைமையாசிரியை. எழுபது வயதுக்கு மேல் ஆகிறது, வேண்டாம் அம்மா என்று எத்தனை பேர் சொல்லியும் கேட்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வந்து ஏணியைப் பிடித்தார்.

பத்தாவது படியில் கால் தந்தி அடிக்க ஆரம்பித்தது.

“நிக்கிறீங்க” என்றாள் மனைவி.

“தெரியும்.”

“நாங்க புட்சிகினுதான் கீறோம்.”

“ம்... அடுத்த படி!” என்று தலைமையாசிரியை வாய்ப்பாடு கேட்கிற குரலில் அதட்டினார். என் கால்கள் எனக்குக் கீழ்ப்படியாவிட்டாலும் அந்தக் குரலுக்குக் கீழ்ப்படிந்தன. ஏறினேன். கட்டினேன். நட்சத்திரம் கோணலாக நின்றது. மறுபடி ஏறி நிமிர்த்துகிறேன் என்று நானே சொன்னதைக் கேட்டு எனக்கே ஆச்சரியம். வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்று எல்லோரும் கத்தினார்கள். பொங்கல் வரைக்கும் அது கோணலாகவே மின்னியது.

ஆனால் அது இருபது படி. யார்டில் அறுபத்து நாலு. அங்கே சபைக்கு அனுமதி இல்லை.

யார்டில் எனக்கு ஒரு கூட்டாளி உண்டு, வியாசர்பாடிக்காரன். நான் மேலே கிரேனில் இருக்கும்போது கீழே நின்று வாக்கி டாக்கியில் வழி சொல்கிறவன் அவன்தான். பதினோரு வருடமாக அவன் குரல் என் காதில் இருக்கிறது. எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் பிரியாணியும் அவர்கள் வீட்டில் புத்த பூர்ணிமைப் பாயசமும் தவறியதில்லை. மேலே வந்து கடலைப் பாருடா என்று எத்தனையோ முறை கூப்பிட்டிருக்கிறேன். “மேல இன்னா கீது, காத்துதான” என்று சொல்லிவிடுவான். திங்கட்கிழமை டீ குடிக்கும்போது அவனிடமும் உண்மையைச் சொன்னேன்.

“அட இன்னா அண்ணாச்சி! இதுக்கா மூணு வாரம் இம்மாம் பேஜாரு?” என்றான். பிறகு டீ டம்ளரைக் கொஞ்ச நேரம் உருட்டிக்கொண்டே இருந்தான். “சரி. நா உன் பின்னாலயே ஏறி வர்றேன். உன் கால நா புட்சி வைக்கிறேன். நீ ஏறு.”

சூப்பர்வைசரிடம் போய், முட்டி வலி பொய் என்றேன். திட்டினார், திட்ட வேண்டியதுதான். டாக்டரிடம் அனுப்பினார். டாக்டர் சரி என்றதும், மதியம் ஷிஃப்ட் மாறும் நேரத்தில், வேலை ஓடாத கிரேனில், ஆளுக்கொரு பெல்ட்டு போட்டுக்கொண்டு இருவரும் ஏறிப் பாருங்கள் என்றார் சூப்பர்வைசர். பாதி யார்டு வேடிக்கை பார்க்க வந்துவிட்டது.

இருபதாவது படி வரை வந்துவிட்டேன். அங்கே வழக்கம்போல நின்றேன். “ஏசப்பா” என்றேன் சத்தமாக. இந்த முறை நிபந்தனை எதுவும் போடவில்லை. யாருக்குத் தெரிந்தாலும் பரவாயில்லை என்றேன், ஏற்கெனவே எல்லோருக்கும் தெரிந்துவிட்டதே. கீழிருந்து ஒரு கை என் பூட்ஸைப் பிடித்தது. தூக்கி அடுத்த படியில் வைத்தது. பிறகு அடுத்த காலை. படிக்கு ஒரு ‘ஏசப்பா’, படிக்கு ஒரு கை.

“அண்ணாச்சி, நா எங்க புத்தரக் கும்ட்டுகினு வர்லாமா?” என்றான் கீழிருந்து.

“தாராளமா!”

அவனும் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு வந்தான். நாற்பதாவது படி வந்தது, போனது. அது எந்தப் படி என்றுகூடச் சரியாகத் தெரியவில்லை, எல்லாம் ஒரே மாதிரி இரும்பு. அறுபத்து நாலு. கைப்பிடியைப் பிடித்து மேல்தட்டில் கால் வைத்தேன். கண்ணாடி அறைக்குள் போய் என் நாற்காலியில் உட்கார்ந்தேன். கீழே பார்த்தேன். பூட்ஸ் இரண்டுக்கும் நடுவே என் யார்டு. லாரி வரிசை, கேட், அண்ணாந்து பார்க்கிற தலைகள். அந்தப் பக்கம் வள்ளூர் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள், இந்தப் பக்கம் கடல். சந்தோஷத்தில் எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்தபடியே பிள்ளை மாதிரிக் குதித்தேன். நன்றி, நன்றி என்று அவருக்குச் சொன்னேன். கண்ணீர் கண்ணாடித் தரையில் சொட்டியது.

“டேய், உள்ளே வாடா! கடலைப் பாருடா!” என்று கத்தினேன்.

அவன் வரவில்லை. எட்டிப் பார்த்தேன். மேல்தட்டில் குந்தி உட்கார்ந்து, கைப்பிடிக் கம்பியை இரண்டு கைகளாலும் கட்டிப்பிடித்திருந்தான். கண்ணை இறுக்கி மூடியிருந்தான். முகத்தில் ரத்தமே இல்லை.

“என்னடா ஆச்சு?”

“எனக்கு ஒசரம் ஆவாது அண்ணாச்சி” என்றான் கண்ணைத் திறக்காமல். “சின்ன வயசுலேர்ந்தே. எங்க வூட்டு மொட்ட மாடி ஓரத்துக்குக்கூடப் போவ மாட்டேன்.”

“அப்புறம் ஏன்டா ஏறின?”

“நீ ஏறணும்ல.”

 பக்கத்தில் உட்கார்ந்து அவன் தோளைக் கட்டிக்கொண்டேன். அவன் உடம்பு முழுக்க நடுங்கிக்கொண்டிருந்தது. இடுப்பில் வாக்கி டாக்கி கரகரத்தது. மேலே என்னப்பா நடக்கிறது என்று சூப்பர்வைசர் கேட்டார். பத்து நிமிடம் கொடுங்கள் சார் என்றேன்.

இருவர் கொக்கியையும் மாட்டி, இழுத்துப் பார்த்துவிட்டு, நான் முதலில் இறங்கினேன். இறங்கும்போது பிடிக்கிறவன் கீழேதான் இருக்க வேண்டும். தலைக்கு மேலே அவன் பூட்ஸ் வந்து காற்றில் துழாவியது.

“அண்ணாச்சி, உங்க கோயில் பொட்டில எனக்கும் ஒரு சீட்டு போட்டுடு.”

“மறைவான விண்ணப்பமா?”

“இன்னா மறைவு? அதான் மொத்த யார்டும் பாத்துகினு கீதே.”

சிரிப்பில் கொஞ்சம் நடுக்கம் குறைந்தது, அவனுக்கும் எனக்கும். அவன் பூட்ஸைப் பிடித்து அடுத்த படியில் வைத்தேன்.

“ஒண்ணு ஆச்சு. இன்னும் அறுபத்து மூணுதான். நான் பிடிச்சிருக்கேன், இறங்கு” என்றேன்.